இட்லிக் கணக்கு தெரிகிறது, பின்னக் கணக்கு வரவில்லை: மகளை டேப்லெட் வகுப்பில் சேர்க்கலாமா?

தொண்ணூறடி ரோடு
திங்கள், இரவு 10.20

வணக்கம். மும்பை தாராவியில் இருக்கிறோம், சொந்த ஊர் தென்காசிப் பக்கம். வீட்டிலேயே இட்லி அவித்து விற்கிற குடும்பம். விடியற்காலை மூன்றரைக்கு அடுப்பைப் பற்றவைத்தால்தான் ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்ப முடியும்.

மகள் ஆறாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வருகிற ஜூனிலிருந்து ஏழாம் வகுப்பில் ஒரு பிரிவை முழுக்க டேப்லெட் வகுப்பாக மாற்றப்போகிறார்களாம். ஆளுக்கு ஒரு டேப், அதில் ஏ.ஐ. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகப் பாடம் நடத்துமாம். இனிமேல் படிப்பென்றால் இதுதான், சேராத பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்றார்கள். கூடுதல் கட்டணம் வருஷத்துக்கு 18,000 ரூபாய். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு அது பெரிய தொகை. ஆனாலும் பிள்ளைக்கு நல்லது என்றால் எப்படியாவது புரட்டிவிடுவோம். என் குழப்பம் வேறு. கூட்டத்தில் அவளுடைய கணக்குத் தாளைக் காட்டினார்கள். 3/4 + 1/8 என்ற கேள்விக்கு 4/12 என்று எழுதியிருக்கிறாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டாள். பக்கம் முழுக்க அப்படியே, பக்கம் முழுக்கச் சிவப்பு மை. கணக்கில் ரொம்ப வீக் என்றார் டீச்சர்.

வீட்டில் இவள்தான் எங்கள் கணக்குப்பிள்ளை. எந்தக் கடைக்கு எத்தனை இட்லி போனது, யார் எவ்வளவு பாக்கி, எல்லாம் அவள் தலையில் இருக்கும். போன மாதம் ஒரு மெஸ்காரர் 85 இட்லி வாங்கிவிட்டு 300 ரூபாயை நீட்டினார். இட்லி ஆறு ரூபாய். நான் விரலை மடக்குவதற்குள் 'மாமா, இன்னும் இருநூத்துப் பத்து' என்றாள். அந்தப் பிள்ளை எப்படிக் கணக்கில் வீக் ஆக முடியும்?

நான் ஊரில் எட்டாவது வரை தமிழில் படித்தவள். அவள் புத்தகத்தை வைத்து எனக்குச் சொல்லிக்கொடுக்க வராது. டேப்லெட் வகுப்பு இதைச் சரிசெய்யுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோம்பிவிலி அப்பா
திங்கள், இரவு 11.05

சகோதரி, தயங்காமல் சேர்த்துவிடுங்கள். என் பையன் எட்டாம் வகுப்பு, இரண்டு வருஷமாக டேபில்தான் கணக்குப் பயிற்சி செய்கிறான். நான் காலை 7.12 லோக்கலைப் பிடித்தால் திரும்பி வர இரவு ஒன்பது ஆகிவிடும். மனைவிக்கும் வேலை. எங்கள் வீட்டில் அவன் பக்கத்தில் உட்கார ஆளில்லை. டியூஷனில் நாற்பது பிள்ளைகள், ஒரே கரும்பலகை. அங்கே புரியாவிட்டால் கையைத் தூக்க வெட்கப்படுவான். டேபிடம் பத்துமுறை தப்பாகச் சொன்னாலும் அது அலுத்துக்கொள்வதில்லை, மற்ற பிள்ளைகள் முன்னால் திட்டுவதும் இல்லை. அவன் பயம் போனதே எனக்குப் பெரிய விஷயம்.

வருங்காலத்தில் வேலை இடங்களெல்லாம் எப்படி மாறும் என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். நம் பிள்ளைகள் இப்போதே பழகட்டும்.

மாட்டுங்கா வாத்தியார்
செவ்வாய், காலை 6.40

அம்மா, நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெயர் கொடுப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் படி, உழக்கு, ஆழாக்கு இருக்கிறதா? இருந்தால் இன்று சாயந்தரம் மகளைக் கூப்பிட்டு, தாளும் பென்சிலும் இல்லாமல், 'முக்கால் படி உளுந்து இருக்கு, அதோட அரைக்கால் படி சேர்த்தா எவ்வளவு' என்று சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுதுங்கள். அப்புறம் பேசுவோம்.

செம்பூர்க்காரன்
செவ்வாய், காலை 9.15

நான் இந்த ஏ.ஐ. தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். டேபில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது அக்கா.

துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்குக் கணக்குப் பயிற்சியின்போது வழக்கமான சாட்பாட், அதாவது கேட்டதற்குப் பதில் எழுதித் தருகிற ஏ.ஐ., கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் மற்றவர்களைவிட 48 சதவீதம் மேலே போனார்கள். அப்புறம் அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதை ஒருநாளும் தொடாத பிள்ளைகளைவிட 17 சதவீதம் கீழே இறங்கிவிட்டார்கள். விடையை அது சொன்னது, பிள்ளை எழுதியது, மூளைக்கு வேலையே இல்லை. இன்னொரு குழுவுக்கு அதே ஏ.ஐ., ஆனால் விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் கொடுக்கும்படி ஆசிரியர்கள் வடிவமைத்தது. அந்தக் குழுவுக்கு அந்தச் சறுக்கல் ஏறத்தாழ இல்லை.

கருவி ஒன்றுதான். அது பிள்ளையிடம் கேள்வி கேட்கிறதா, பிள்ளைக்குப் பதிலாக யோசிக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டத்தில் உங்களுக்குக் காட்டியது எந்த வகை? பள்ளிக்குப் போய், தப்பான விடை போட்டால் திரையில் என்ன வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். 4/12 என்றே போட்டுப் பாருங்கள். 'தவறு, சரியான விடை 7/8' என்று மட்டும் வந்தால் அதற்கு 18,000 ரூபாய் தேவையில்லை, சிவப்பு மையே போதும்.

தொண்ணூறடி ரோடு
செவ்வாய், இரவு 10.45

சார், கேட்டேன். இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

என் மாமியார் கல்யாணமாகி மும்பை வந்தபோது ஊரிலிருந்து கொண்டுவந்த படி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் இருக்கிறது. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கின் விளிம்பு கொஞ்சம் நசுங்கியிருக்கும். இன்றைக்கும் ஆச்சி அதில்தான் அளப்பார். சாயந்தரம் ஊறப்போடும்போது, நான் கேட்டால் சந்தேகப்படுவாள் என்று ஆச்சியை விட்டே கேட்கச் சொன்னேன். மகள் தன் தம்பியின் சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை. 'ஏழு ஆழாக்கு' என்றாள். 'எப்படிளா' என்று ஆச்சி கேட்டதற்கு, 'முக்கால் படின்னா ஆறு ஆழாக்கு, அரைக்கால்னா ஒண்ணு, ஏழு. நிறைபடிக்கு ஒண்ணு குறைச்சல்' என்றாள்.

நான் அந்தக் கணக்குத் தாளை எடுத்துவந்து, 3/4 + 1/8 ஐக் காட்டி, அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, இதுவும் அதுவும் ஒன்றுதானே என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். 'இது இங்கிலீஷ் கணக்கும்மா' என்றாள்.

மாட்டுங்கா வாத்தியார்
புதன், காலை 7.10

'இது இங்கிலீஷ் கணக்கும்மா.' அம்மா, நேற்று இரவு இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூங்கவில்லை. என் வகுப்பிலும் இதைச் சொல்லாமல் சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

உங்கள் மகளுக்குப் பின்னம் தெரியும். தாளில் கோடு போட்டு மேலும் கீழும் எழுதுகிற எண்கள் அந்த ஆழாக்கைத்தான் சொல்கின்றன என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்கு அவை இரண்டு தனி எண்கள். அதனால்தான் தனித்தனியாகக் கூட்டினாள்.

இது உங்கள் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. பிரேசிலில் ரெசீஃபே என்ற ஊரில் தெருவில் விற்கிற பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. இளநீர்த் தேங்காய் விற்கிற 12 வயதுப் பையனிடம், ஒன்று 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் நாலு வேண்டும் என்று படிப்படியாக ஏறி 350 என்று சொல்லிவிட்டான். அதே பிள்ளைகளுக்கு அதே மாதிரிக் கணக்கைத் தாளில் கொடுத்தபோது நிறையத் தப்பு வந்தது. 35ஐப் பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் போடு என்று பள்ளி சொல்கிறது. அவன் மூன்று மூன்றாகக் கட்டினான். அவன் கைக்கு மூன்று தேங்காய் பழக்கம்.

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும். நம் மான்குர்திலேயே ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது, 1974இல் தொடங்கியது. அங்கே ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கிறேன். அங்குள்ள ஆய்வாளர்கள் இதே மும்பையில், வீட்டிலேயே தொழில் நடக்கிற குடியிருப்புகளிலிருந்து மாநகராட்சியின் உருது, இங்கிலீஷ் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகளிடம் பேசி, அவர்களுக்கு வேலை வழியாக என்னென்ன கணக்கு தெரியும் என்று பதிவு செய்திருக்கிறார்கள். அளவு, விகிதம், பாதி, கால் எல்லாம் பிள்ளைகளிடம் இருக்கிறது, பாடப்புத்தகத்தோடு சேராமல் இருக்கிறது.

நம்முடைய பழைய திண்ணைப் பள்ளியில் பிள்ளை எண்சுவடியை, அதாவது அந்தக் கால வாய்ப்பாட்டை, வாய்விட்டுச் சொல்லும்: கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அந்தக் காலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே பிரம்பும் இருந்தது, சாதி பார்த்துத்தான் திண்ணையில் ஏற்றினார்கள். ஆனால் பின்னம் அங்கே நெல்லோடும் பொன்னோடும் சேர்ந்து வந்தது. இன்னொன்று: மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சட்டாம்பிள்ளை வழக்கம். சென்னையில் பாதிரியாராக இருந்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து, அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். அங்கே பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சோதனையை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர் வந்தது. இன்று புதிய கற்றல் முறை என்று பயிற்சி வகுப்பில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டுவதில் பாதி இதுதான்.

இன்று நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. படியையும் எட்டு ஆழாக்கையும் அவளையே வரையச் சொல்லுங்கள். ஆறைக் கறுப்பாக்கட்டும், இன்னும் ஒன்றைக் கறுப்பாக்கட்டும். அதன் பக்கத்தில் 7/8 என்று அவள் கையாலேயே எழுதட்டும்.

டெல்லி ஆர்.கே.புரம்
புதன், மதியம் 2.30

டெல்லியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். வாத்தியார் ஐயா சொன்னதற்குத் தொடர்பாகச் சில செய்திகள்.

2025இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு ஒன்று கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றியது. அவர்கள் பெரிய பெரிய கணக்கைத் தலையிலேயே போடுகிறார்கள், பள்ளிப் பாணியில் எழுதிக் கேட்டால் தடுமாறுகிறார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது மறுபக்கம்: சந்தைக்குப் போகாமல் பள்ளியில் மட்டும் படிக்கிற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் அதைவிட மோசமாகத் தடுமாறினார்கள். எங்கள் வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறவர்களுக்கும் ஒரு பாதி இல்லாமல்தான் இருக்கிறது.

டேப்லெட் விஷயத்துக்கு வருகிறேன். டெல்லியில் பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்காக நடந்த கணினி மையங்களில், லாட்டரி போட்டு இடம் கொடுத்து, பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள், ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை. முதல் சோதனையிலேயே தெரிந்தது இது: ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தது, ஒன்பதாம் வகுப்பில் அந்த இடைவெளி நாலரை வகுப்பாக வளர்ந்திருந்தது. புத்தகம் பாட்டுக்கு முன்னால் ஓடுகிறது, பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அந்த மென்பொருள் முதலில் பிள்ளை நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்கியது. இந்தியிலேயே பேசியது. நாலரை மாதத்தில் நல்ல முன்னேற்றம்.

இந்த ஆய்வை விளம்பரம் போலச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். தொண்ணூறு நிமிஷத்தில் பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதியில் பன்னிரண்டு, பதினைந்து பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு ஓர் ஆள் சொல்லிக்கொடுத்தார்.

ஆகவே அக்கா, பள்ளியில் இதைக் கேளுங்கள்: டேப் என் மகளை மூன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கவிடுமா, ஏழாம் வகுப்புப் பாடத்தையே திரையில் காட்டுமா? தமிழோ இந்தியோ பேசுமா? வகுப்பில் யார் இருப்பார்?

டோம்பிவிலி அப்பா
புதன், இரவு 9.50

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயத்தை நேராகச் சொல்கிறேன். ஆழாக்கு வைத்துச் சொல்லிக்கொடுக்க அந்த வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். என் வீட்டில் இல்லை. பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். யார் உட்காருவது? ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிற நானா? ஆள் இல்லாத வீட்டுக்கு டேப்தான் ஆள். அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

முன்னாள் பால்சகி
வியாழன், காலை 11.20

டோம்பிவிலி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் ஒரு பழைய பதில் இருக்கிறது.

2001இல் நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மேலே படிக்க வசதியில்லை. எங்கள் பகுதியில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்புக்காரர்கள் வந்து, மாநகராட்சிப் பள்ளியில் பால்சகியாக வருகிறாயா என்று கேட்டார்கள். பால்சகி என்றால் பிள்ளைகளின் தோழி. மூன்றாவது, நாலாவது படிக்கிற, எழுத்துக் கூட்டவே வராத பதினைந்து இருபது பிள்ளைகளை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போய், தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படையை மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மாதம் சில நூறு ரூபாய். எங்களுக்கு அறை கிடையாது. நான் மாடிப்படிக்குக் கீழே பாய் விரித்துச் சொல்லிக்கொடுத்தேன்.

முதல் நாள் ஒரு பையன் புத்தகத்தைப் பார்த்து ஒரு பக்கத்தை மடமடவென்று வாசித்தான். எனக்கு ஒரே ஆச்சரியம். நடுவில் ஒரு சொல்லை விரலால் மூடி இது என்ன என்றேன். விரல் மூடியிருந்த சொல்லையும் சேர்த்தே சொன்னான். மனப்பாடம். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நாலு வருஷம் அப்படியே பின் பெஞ்சில் சமாளித்திருக்கிறான். எழுத்து தெரிந்தவர்கள் ஒரு வட்டம், சொல் படிப்பவர்கள் ஒரு வட்டம், பத்தி படிப்பவர்கள் ஒரு வட்டம், எந்த வகுப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று உட்காரவைத்தோம். அந்தப் பையன் தீப்பெட்டி அட்டையில் இருந்த பெயரைத் தானாக வாசித்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதை வாங்கிக்கொண்டு கீழ்த்தளம் வரை ஓடினான்.

எங்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் மும்பையிலும் வடோதராவிலும் ஆய்வு செய்தார்கள் என்பதே பிற்பாடுதான் எனக்குத் தெரியும். பின்தங்கிய பிள்ளைகள் நன்றாக முன்னேறினார்கள் என்று 2007இல் கட்டுரை வந்தது, 2019இல் அவர்களுக்கு நோபல் பரிசும் வந்தது. அந்த ஆய்விலேயே வடோதராவில் கணினி விளையாட்டு மூலம் கணக்குக் கற்ற பிள்ளைகளும் நன்றாக முன்னேறினார்கள். ஆகவே அண்ணா, நான் டேபுக்கு எதிரி இல்லை.

யார் உட்காருவது என்றால், நான் உட்கார்ந்தேன். பெரிய படிப்பு எனக்குக் கிடையாது. ஒவ்வொரு சால் குடியிருப்பிலும் இப்படி ஒரு பெண் இருக்கிறாள்.

சயான் கல்லூரி மாணவி
வியாழன், இரவு 8.35

அக்கா, உங்கள் மகள் சொன்ன 'இங்கிலீஷ் கணக்கு' என் கதையும்தான். நான் ஏழாவது வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, எட்டாவதில் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறினேன். தொகுதி, பகுதி என்று படித்தவளிடம் ஒரு நாள் டீச்சர் 'டினாமினேட்டரை ஒன்றாக்கு' என்றார். எது மேலே எது கீழே என்று தெரியாமல் மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கணக்கு வரும், பெயர்தான் தெரியாது. அதைச் சொல்லவும் எனக்கு இங்கிலீஷ் தெரியாது.

அப்புறம் நானே ஒரு நோட்டில் கோடு கிழித்து மூன்று பத்தி போட்டேன். தமிழில் தொகுதி, பகுதி. மராத்தியில் அம்ஷ், சேத். இங்கிலீஷில் நியூமரேட்டர், டினாமினேட்டர். புதுச் சொல் வர வர எழுதிக்கொண்டே போனேன். பத்தாவது முடியும்போது இரண்டு நோட்டு நிறைந்திருந்தது. இன்று பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு, கணக்கு. அந்த நோட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

2020 தேசியக் கல்விக் கொள்கையில், இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலும், முடிந்தால் எட்டு வரையிலும் வீட்டுமொழியில் கற்பிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. ஆனாலும் 'இயன்ற இடங்களில்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் வெளியூர்த் தமிழ்ப் பிள்ளைகள் வழுக்கி விழுகிறோம். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் இங்கிலீஷும். நாலு மொழியும் தெரிந்த பிள்ளையை ஒரு மொழியும் சரியாகத் தெரியாதவள் என்று வகுப்பு நினைத்துவிடுகிறது. யாரும் தங்கள் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கே அது தேவைப்பட்டது. பாலம் போட ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் எனக்கு வகுப்பு இல்லை. சயானிலிருந்து உங்கள் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். வரட்டுமா அக்கா? நோட்டையும் கொண்டுவருகிறேன்.

தொண்ணூறடி ரோடு
வெள்ளி, இரவு 9.30

வா தங்கச்சி. ஆச்சி உனக்காகவே ரவா லட்டு பிடித்து வைக்கிறேன் என்கிறார்.

இன்று பள்ளிக்குப் போனேன். நீங்கள் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். டேபில் 4/12 போட்டுக் காட்டச் சொன்னேன். 'மீண்டும் முயற்சி செய்' என்று வந்தது, மூன்றாம் முறை விடை வந்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பாடம் மட்டும்தான் இருக்கிறதாம், கீழே போகாது. இங்கிலீஷ் மட்டும். வகுப்பில் எப்போதும்போல ஒரே டீச்சர், அறுபது பிள்ளைகள். பெயர் கொடுக்கவில்லை. அந்த டீச்சர் கோபப்படவில்லை. ஆழாக்குக் கதையைச் சொன்னபோது கவனமாகக் கேட்டார், பாவம், அவருக்கும் நேரம் இருந்தால்தானே.

அப்புறம் சார், ஒரு சிக்கல். எட்டு ஆழாக்கு வரைந்து, கறுப்பாக்கி, கூட்டல் எல்லாம் போட்டுவிட்டாள். அடுத்த கணக்கு 2/3 + 1/6. 'மூன்றில் ஒரு பங்குக்கு ஆச்சியிடம் அளவே இல்லையேம்மா' என்று நிற்கிறாள். எனக்கும் தெரியவில்லை.

மாட்டுங்கா வாத்தியார்
வெள்ளி, இரவு 10.10

அபாரமான கேள்வி! அவளிடம் சொல்லுங்கள், முந்திரி வரையிலான நம் பழைய பின்னங்களில் மூன்றில் ஒன்றுக்கு இடமே இல்லை. பாதி பாதியாகவும் ஐந்து ஐந்தாகவும்தான் பிரித்தார்கள். அவற்றை எப்படிக் கூட்டினாலும் மூன்றில் ஒன்று சரியாக வராது. அவள் தானாகவே அந்த இடத்தில் வந்து முட்டியிருக்கிறாள்.

விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஆழாக்கு ஒத்துவராவிட்டால் வீட்டில் வேறு எதை வைத்துப் பிரிக்கலாம் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை.

டோம்பிவிலி அப்பா
சனி, காலை 8.00

சகோதரி, என் பையனுடைய பழைய டேப் சும்மாதான் கிடக்கிறது. தேவைப்பட்டால் மாட்டுங்கா ஸ்டேஷனில் கொண்டுவந்து தருகிறேன். செம்பூர்க்காரர் தம்பி, அதில் விடை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்கிற மாதிரி, தமிழில், ஏதாவது அமைத்துத் தர முடியுமா? என் பையனுக்கும் வேண்டும். நேற்று அவனிடம் ஒரு கணக்கைத் தாளில் கொடுத்துப் பார்த்தேன். டேபில் பச்சை டிக் வாங்கிய அதே கணக்கு. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை அவனுக்கு.

செம்பூர்க்காரன்
சனி, காலை 8.25

முடியும் அண்ணா. ஞாயிறு நானும் தாராவிக்கு வருகிறேன். பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

தொண்ணூறடி ரோடு
ஞாயிறு, இரவு 10.55

இன்று எங்கள் அறையில் நிற்க இடமில்லை. எல்லோரும் போன பிறகு எழுதுகிறேன்.

நேற்று சாயந்தரம் இட்லித் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நின்றுவிட்டாள். எங்கள் பெரிய தட்டில் 24 குழி. குழிகளை எண்ணினாள். 'அம்மா, மூன்றில் இரண்டு பங்குன்னா பதினாறு இட்லி. ஆறில் ஒரு பங்குன்னா நாலு இட்லி. இருபது!' என்றாள். தாளை எடுத்து 20/24 என்று எழுதினாள். அப்புறம் பழைய கணக்கையும் தட்டிலேயே போட்டாள். முக்கால் தட்டு பதினெட்டு, அரைக்கால் தட்டு மூன்று, இருபத்தொன்று. 'ஆழாக்கில் ஏழு, தட்டில் இருபத்தொண்ணு, ரெண்டும் ஒண்ணுதான் ஆச்சி' என்று ஆச்சியைப் போய் உலுக்கினாள்.

இன்று சயான் தங்கச்சி வந்து மூன்று பத்தி நோட்டைக் காட்டியது. டோம்பிவிலிப் பையனும் இவளும் தட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அவன் 1/4 + 1/5 போடச் சொன்னான். 24 குழியில் ஐந்தில் ஒரு பங்கு வரவில்லை. இருவரும் ரொம்ப நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் இவள் ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு தட்டு வரைந்தாள், இருபது குழியோடு. எந்தக் கடையிலும் அப்படி ஒரு தட்டு விற்கிறதா என்று எனக்குத் தெரியாது. அதில் ஒன்பது குழியைக் கறுப்பாக்கிவிட்டு, அந்தப் பையன் பென்சிலைப் பிடுங்கி அடுத்த தட்டு வரைய ஆரம்பித்துவிட்டான்.